மூன்று தூண்கள், ஒரு வாசற்படி

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் அளவில் சிறியது. 1787இல் எழுதப்பட்ட மூல வாசகத்தில் ஏழே பிரிவுகள். ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். அப்படிப் படிக்கும்போது நான் அதில் ஒரு சொல்லைத் தேடினேன். ‘பெண்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வியப்பு என்னவென்றால், ‘ஆண்’ என்ற சொல்லும் இல்லை. ‘நபர்’, ‘மக்கள்’, ‘குடிமக்கள்’ என்றே எழுதியிருக்கிறார்கள். அதிபரையும் அவை உறுப்பினர்களையும் சுட்டுவது போன்ற இடங்களில் ஆண்பால் சுட்டுப்பெயர் வந்துபோகிறது.

பாலினம் பாராத சட்டம் என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் பேசாமல் விட்ட இடத்தில் அதிகாரம் உள்ளவர் சொல்வதே சட்டமாகிவிடும். அந்த மௌனத்தை யார் எப்படி நிரப்பினார்கள், அதை உடைக்கப் பெண்கள் எந்தெந்தக் கதவுகளைத் தட்டினார்கள் என்பது அமெரிக்க ஆட்சிமுறையின் இன்னொரு வரலாறு. சட்டமியற்றும் காங்கிரஸ், நிர்வாகத்தை நடத்தும் அதிபர், தீர்ப்பு வழங்கும் நீதிமன்றம் என்ற மூன்று தூண்களைப் பாடப்புத்தகங்கள் கட்டம் போட்டுக் காட்டுகின்றன. அந்தக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து அதே படத்தைப் பார்க்க முயல்கிறேன்.

மூடிய அறைக்குள் 55 பேர்

1787 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய மாநாட்டில் கலந்துகொண்டவர்கள் 55 பேர். அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். பேச்சு வெளியே கசியக் கூடாது என்று கோடை வெயிலிலும் கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் விவாதித்தார்கள். செப்டம்பர் 17ஆம் தேதி 39 பேர் கையெழுத்திட்டார்கள்.

அவர்களுடைய அச்சம் உண்மையானது. பிரிட்டிஷ் மன்னரை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்றவர்கள் அவர்கள். விடுதலைக்குப் பிறகு 13 மாநிலங்களைத் தளர்வாகக் கட்டிவைத்திருந்த கூட்டமைப்பு உடன்படிக்கையோ, சொந்தமாக வரி விதிக்கக்கூட அதிகாரம் இல்லாத ஒரு மைய அமைப்பைத்தான் தந்திருந்தது. வலுவான அரசு வேண்டும். ஆனால் அது இன்னொரு மன்னராட்சியாக மாறிவிடக் கூடாது. இதற்கு விடையாக அவர்கள் எடுத்துக்கொண்டதுதான் அதிகாரப் பிரிவினை. சட்டம் இயற்றும் அதிகாரமும் அதைச் செயல்படுத்தும் அதிகாரமும் நீதி வழங்கும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் அங்கே சுதந்திரம் இருக்காது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ 1748இல் எழுதியிருந்தார். அந்தக் கருத்து மாநாட்டுக்கு வந்தவர்களிடம் நன்கு பரவியிருந்தது.

அரசமைப்பின் முதல் பிரிவு காங்கிரசைப் பற்றியது. மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் பெறும் பிரதிநிதிகள் சபைக்கு ஈராண்டுக்கு ஒரு தேர்தல். மாநிலத்துக்கு இருவர் வீதம் அமையும் செனட்டுக்கு ஆறாண்டுப் பதவிக்காலம். இரண்டாம் பிரிவு, நான்காண்டு ஆளும் அதிபரைப் பற்றியது. மூன்றாம் பிரிவு, உச்ச நீதிமன்றத்தையும் அதன் கீழ் அமையும் நீதிமன்றங்களையும் பற்றியது. நீதிபதிகள் நன்னடத்தையோடு இருக்கும்வரை பதவியில் இருக்கலாம்.

ஒவ்வொரு தூணின் கையிலும் அடுத்ததை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு உண்டு. காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் திருப்பி அனுப்பலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்த மறுப்பை மீறலாம். நீதிபதிகளை அதிபர் முன்மொழிவார். செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். அதிபர் மீதே பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டலாம்; செனட் விசாரிக்கும். அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் நிலைநாட்டிக்கொண்டது. அரசமைப்பையே திருத்த வேண்டுமானால் வழக்கமான வழி, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் பெறுவது.

எவர் கையிலும் கட்டற்ற அதிகாரத்தைக் கொடுக்காதே என்பதுதான் இத்தனை ஏற்பாட்டுக்கும் அடிப்படை. மனிதர்கள் தேவதைகள் அல்லர், ஆகவே ஆள்பவரையும் யாராவது கட்டுப்படுத்த வேண்டும் என்று 1788இல் ஜேம்ஸ் மேடிசன் விளக்கினார்.

வாசற்படியில் நின்றுபோன தத்துவம்

இதே கருத்தை அவருக்கு 12 ஆண்டுகள் முன்பே ஒரு பெண் சொல்லிவிட்டார். 1776 மார்ச் 31ஆம் தேதி அபிகெயில் ஆடம்ஸ் தன் கணவர் ஜான் ஆடம்ஸுக்குக் கடிதம் எழுதினார். விடுதலை அறிவிப்புக்கான வேலைகளில் ஜான் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தார். அபிகெயில் மாசசூசெட்ஸில் பண்ணையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய சட்டங்களை எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள், கணவர்களின் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள், வாய்ப்புக் கிடைத்தால் ஆண்கள் எல்லோருமே கொடுங்கோலர்களாகக்கூடியவர்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். ஜான் பதில் எழுதினார். உன் சட்டத்தைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்ற தொனியில் இருந்தது அது.

மேடிசன் நாட்டைப் பற்றிச் சொன்னதையும் அபிகெயில் வீட்டைப் பற்றிச் சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே வாதம். முன்னது அரசியல் தத்துவமாகப் பாடத்தில் ஏறியது. பின்னது மனைவியின் குறும்பாகச் சிரித்துத் தள்ளப்பட்டது. மன்னரின் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தவர்கள் கணவரின் அதிகாரத்தைத் தொடவில்லை. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த வழக்கப்படி, திருமணமான பெண்ணின் சட்ட இருப்பு கணவருக்குள் அடங்கிவிடும். அவர் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. அவர் சம்பாதித்த கூலியும் கணவருக்கே. வீட்டுக்குள் சட்டம் இயற்றுபவரும் நிறைவேற்றுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. மாண்டெஸ்கியூ எதைக் கொடுங்கோன்மை என்றாரோ, அது ஒவ்வொரு வீட்டிலும் சட்டத்தின் ஆசியோடு நடந்தது. அதிகாரப் பிரிவினை வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

ஆனால் தலைக்கணக்கில் பெண்கள் வேண்டியிருந்தார்கள். ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம் என்று முடிவுசெய்ய, சுதந்திரமான பெண்கள் முழுதாக எண்ணப்பட்டார்கள், வாக்கு இல்லை. அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களும் ஆண்களும் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டார்கள். அந்தக் கணக்கால் பெருகிய இடங்கள், அவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்களின் மாநிலங்களுக்கே போயின.

இந்த அரசமைப்பை ஏற்கலாமா என்று நாடே விவாதித்தபோது, ஒரு பெண்ணும் அதில் இறங்கினார். மெர்சி ஓட்டிஸ் வாரன் 1788இல் புனைபெயரில் ஒரு துண்டுநூல் வெளியிட்டார். அடிப்படை உரிமைகளின் பட்டியல் இல்லாத அரசமைப்பு ஆபத்தானது என்று வாதிட்டார். அவரைப் போன்றோர் எழுப்பிய எதிர்ப்பால்தான் 1791இல் முதல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. அந்தத் துண்டுநூலை எழுதியவர் எல்பிரிட்ஜ் ஜெரி என்ற அரசியல்வாதி என்றே நூறாண்டுக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நியூ ஜெர்சி கற்றுத்தந்தது

யார் வாக்களிக்கலாம் என்பதை அரசமைப்பு தானே சொல்லாமல் மாநிலங்களின் கையில் விட்டது. இந்த ஏற்பாட்டில் ஒரு மாநிலம் மட்டும் வேறு வழியில் போனது. நியூ ஜெர்சியின் 1776ஆம் ஆண்டு அரசமைப்பு, 50 பவுண்டு மதிப்புள்ள சொத்து வைத்திருக்கும் வயதுவந்த ‘குடியிருப்போர் அனைவருக்கும்’ வாக்கு என்றது. திருமணமான பெண்ணுக்குச் சொந்தச் சொத்து கிடையாது என்பதால் கைம்பெண்களும் மணமாகாதவர்களும் இதன்படி வாக்களித்தார்கள். சொத்து வைத்திருந்த கறுப்பினத்தவர்களும் வாக்களித்தார்கள். 1790இல் வந்த தேர்தல் சட்டம் வாக்காளரை ஆண்பாலிலும் பெண்பாலிலும் சேர்த்தே குறிப்பிட்டது.

1807இல் மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு, வாக்குரிமை சுதந்திரமான வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று மாற்றியது. முப்பதாண்டு வழக்கம் ஒரு சட்டத்தில் போய்விட்டது. வாக்களித்துக்கொண்டிருந்த பெண்கள் மறுபடி வாக்குச்சாவடிக்குப் போக 113 ஆண்டுகள் ஆயின.

பெண்களின் உரிமை வரலாறு படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் ஏணி என்று நினைக்கும் மாணவிகளுக்கு நியூ ஜெர்சியைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஓர் உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை அழிக்க எத்தனை கைகள் சேர வேண்டும் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள்.

மனு என்ற ஒரே ஆயுதம்

வாக்கில்லாதவர்களுக்கு முதல் திருத்தம் ஒரு சிறு கதவைத் திறந்துவைத்திருந்தது: குறைகளைத் தீர்க்கச் சொல்லி அரசிடம் மனு கொடுக்கும் உரிமை. 1830களில் அடிமைமுறைக்கு எதிராகப் பெண்கள் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். மனுக்கள் காங்கிரசில் மலைபோல் குவிந்தன. 1836இல் பிரதிநிதிகள் சபை, அடிமைமுறை பற்றிய மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் வாய்ப்பூட்டு விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அதை எட்டாண்டுகள் விடாமல் எதிர்த்து, பெண்களுக்கு மனு கொடுக்கும் உரிமை உண்டு என்று அவையிலேயே வாதாடியவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். முன்னாள் அதிபர், அபிகெயிலின் மகன். 1844இல் அந்த விதி நீங்கியது.

1838இல் ஏஞ்சலினா கிரிம்கே மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் நின்று அடிமைமுறைக்கு எதிராகப் பேசினார். அமெரிக்காவில் ஒரு சட்டமன்ற அமைப்பின் முன் பேசிய முதல் பெண் அவர். அடுத்தவரின் விடுதலைக்காகப் பேசப் போன இடத்தில்தான் தங்கள் வாயும் கட்டப்பட்டிருப்பதை இந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள். 1848 ஜூலையில் செனகா ஃபால்ஸ் ஊரில் கூடிய மாநாட்டில் 68 பெண்களும் 32 ஆண்களும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். விடுதலைப் பிரகடனத்தின் அமைப்பையே எடுத்துக்கொண்டு, மன்னர் இருந்த இடத்தில் ஆணை வைத்து அதை எழுதியவர்களில் முதன்மையானவர் எலிசபெத் கேடி ஸ்டாண்டன். அபிகெயில் கடிதத்தில் வைத்த வாதம் 72 ஆண்டுகள் கழித்துப் பொது மேடைக்கு வந்தது.

கைகாட்டும் நீதிமன்றம்

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமைமுறை ஒழிந்தது. 1868இல் வந்த 14ஆம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் உறுதிசெய்தது. அதே திருத்தத்தின் இரண்டாம் உட்பிரிவில்தான் ‘ஆண்’ என்ற சொல் முதன்முறையாக அமெரிக்க அரசமைப்பில் நுழைந்தது. ஒன்றல்ல, மூன்று முறை. 1870இன் 15ஆம் திருத்தம் இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்றது. பால் அந்தப் பட்டியலில் இல்லை.

பெண்கள் 14ஆம் திருத்தத்தின் முதல் பகுதியைக் கையில் எடுத்தார்கள். குடிமக்களின் உரிமைகளை எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது என்கிறது சட்டம், பெண்ணும் குடிமகள், வாக்கு குடிமக்களின் உரிமை. 1872 அக்டோபரில் மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் வர்ஜீனியா மைனர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். பதிவாளர் மறுத்தார். வழக்குப் போடலாம் என்றால், திருமணமான பெண் தனியாக வழக்குப் போட முடியாது. கணவர் பிரான்சிஸ் மைனரும் மனுதாரராகச் சேர்ந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1875 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பெண்கள் குடிமக்கள்தாம், ஆனால் குடியுரிமையோடு வாக்குரிமை சேர்ந்து வருவதில்லை. சட்டம் தவறென்றால் மாற்றப்பட வேண்டியதுதான், ஆனால் மாற்றும் அதிகாரம் எங்களிடம் இல்லை என்றும் தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட் எழுதினார். இந்தப் பதிலில் அதிகாரப் பிரிவினையின் தர்க்கம் பிசகில்லாமல் இருக்கிறது. நீதிமன்றம் சட்டமன்றத்தைக் கைகாட்டுகிறது. சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆண்கள். வாக்கு பெறுவதற்கு வாக்கு வேண்டும் என்ற வட்டத்துக்குள் பெண்கள் நின்றார்கள்.

அதே 1872இல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் சூசன் பி. ஆந்தனி வாக்களித்தேவிட்டார். கைதுசெய்யப்பட்டார். அடுத்த ஆண்டு நடந்த விசாரணையில் அவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவும் அனுமதி இல்லை. நீதிபதி வார்ட் ஹண்ட், குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும்படி நடுவர் குழுவுக்கு உத்தரவிட்டார். அபராதம் 100 டாலர். ஆந்தனி கடைசிவரை கட்டவில்லை. கட்டும்வரை சிறையில் வை என்று நீதிபதியும் சொல்லவில்லை. சிறையில் வைத்திருந்தால் அதைக் காட்டி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருப்பார். அந்தக் கதவும் அடைபட்டது.

ஆனால் தூண்கள் தனித்தனியாக நிற்பதில் பெண்களுக்கு ஒரு பயனும் இருந்தது. ஒன்று மறுத்தால் இன்னொன்றிடம் போகலாம். வழக்கறிஞர் பெல்வா லாக்வுட்டை உச்ச நீதிமன்றம் 1876இல் சேர்த்துக்கொள்ள மறுத்தது. பெண்கள் அங்கே வாதாடும் வழக்கமில்லை என்றது. லாக்வுட் காங்கிரசுக்குப் போனார். உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி ஒரு மசோதாவையே கொண்டுவரச் செய்தார். 1879இல் அது சட்டமானது. அதே ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தன் வழக்கறிஞர் பட்டியலில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அதிபர் மாளிகையின் வாசலில்

வாக்குரிமைக்கு மிஞ்சிய வழி அரசமைப்புத் திருத்தம். பால் வேறுபாட்டைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்ற திருத்தத்தை 1878 ஜனவரியில் செனட்டர் ஏரன் சார்ஜென்ட் அறிமுகம் செய்தார். 1887இல் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்து 16க்கு 34 என்று தோற்றது. இதற்கிடையில் மேற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் சட்டங்களில் பெண்களுக்கு வாக்களித்தன. வயோமிங் 1869லேயே தொடங்கிவைத்திருந்தது. மொன்டானா மாநிலம் 1916இல் ஜனெட் ராங்கினைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பியது. நாட்டின் பெரும்பாலான பெண்களுக்கு வாக்கில்லாத நேரத்தில் ஒரு பெண் காங்கிரசில் உட்கார்ந்திருந்தார்.

நிர்வாகத் தூணை நெருக்க ஆலிஸ் பாலும் அவருடைய தோழிகளும் வேறு வழி கண்டார்கள். 1917 ஜனவரி 10 முதல் வெள்ளை மாளிகையின் வாசலில் பதாகைகளோடு பேசாமல் நின்றார்கள். அதிபர் உட்ரோ வில்சன் உலகப் போரில் ஜனநாயகத்துக்காகப் போராடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சொற்களையே பதாகையில் எழுதிக் காட்டினார்கள். நடைபாதையை மறித்ததாகக் கைதுகள் நடந்தன. நவம்பரில் ஆக்கோக்வான் சிறையில் காவலர்கள் அவர்களை அடித்து நொறுக்கினார்கள். உண்ணாநோன்பிருந்தவர்களின் தொண்டைக்குள் குழாய் செலுத்தி உணவை இறக்கினார்கள். 1918இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கைதுகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. வில்சன் மனம் மாறி, 1918 செப்டம்பர் 30ஆம் தேதி செனட்டுக்கே வந்து திருத்தத்தை ஆதரித்துப் பேசினார். மறுநாள் வாக்கெடுப்பில் இரண்டு வாக்குகள் குறைந்து அது தோற்றது. அதிபரே கேட்டாலும் செனட் மறுக்கலாம் என்ற அதே ஏற்பாடு இம்முறை பெண்களுக்கு எதிராக வேலை செய்தது.

1919 ஜூன் 4ஆம் தேதி செனட்டும் நிறைவேற்றியது. பிறகு 36 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். 36ஆவதாக வந்தது டென்னசி. 1920 ஆகஸ்ட் 18ஆம் தேதி அங்கே வாக்குகள் சமமாக நின்றன. ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், எதிரணியின் சிவப்பு ரோஜாவை அணிந்திருந்தவர், ஆதரவாக வாக்களித்துவிட்டார். அவர் பையில் அம்மா ஃபெப் பர்ன் எழுதிய கடிதம் இருந்தது. பெண்களுக்கு வாக்களி, நல்ல பிள்ளையாக இரு என்று எழுதியிருந்தார். வாக்கில்லாத ஒரு தாய் எழுதிய கடிதம் அந்த வாக்கை நகர்த்தியது. அபிகெயிலின் கடிதத்துக்குக் கிடைக்காத பதில் 144 ஆண்டுகள் கழித்து இப்படிக் கிடைத்தது.

எந்தப் பெண்கள்?

19ஆம் திருத்தத்தோடு கதையை முடிக்கும் நூல்கள் பல. ஆனால் தென்மாநிலக் கறுப்பினப் பெண்ணுக்கு 1920 எதையும் மாற்றவில்லை. வாக்கு வரி, எழுத்தறிவுச் சோதனை, அடி, கொலை என்று தடைகள் தொடர்ந்தன. தேர்தலை நடத்துவது மாநிலங்கள். மைய அரசின் மூன்று தூண்களும் பல பத்தாண்டுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் உழைத்த ஃபேனி லூ ஹேமர் 1962 ஆகஸ்ட் 31ஆம் தேதி வாக்காளராகப் பதிவுசெய்யப் போனார். மாநில அரசமைப்பின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்லி, தேறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே 18 ஆண்டுகள் வேலை செய்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963இல் வினோனா சிறையில் கொடூரமாக அடிக்கப்பட்டார். 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அவர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சிக் கேமராக்களைத் திருப்ப அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பு நடத்தினார். அன்று மாலையே தொலைக்காட்சிகள் ஹேமரின் சாட்சியத்தை ஒளிபரப்பின. தூண்களின் நடுவே சேராத பத்திரிகையும் தெருப் போராட்டமும் சேர்ந்து நெருக்கியதில் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவரும் அதே ஜான்சன்தான்.

2013இல் ஷெல்பி கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதி ஒன்றைச் செல்லாததாக்கியது. நியூ ஜெர்சியின் பாடம் இங்கேயும் பொருந்துகிறது.

கொடுத்தது யார், எடுக்கக்கூடியது யார்?

14ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பு, பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலில் ஒப்புக்கொள்ள 103 ஆண்டுகள் ஆயின. இறந்துபோன மகனின் சொத்தை நிர்வகிக்க சாலி ரீட் விண்ணப்பித்தபோது, ஆணுக்கே முன்னுரிமை என்று ஐடஹோ மாநிலச் சட்டம் சொன்னது. 1971இல் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்குக்கான வாதவுரையைத் தயாரித்த ரூத் பேடர் கின்ஸ்பர்க், அந்த வாதத்துக்கு முன்பே வழிகாட்டிய கறுப்பின வழக்கறிஞர் பாலி முர்ரேயின் பெயரையும் அதன் அட்டையில் சேர்த்தார். அப்போது உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண் நீதிபதிகூட இல்லை. முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ’கானர் 1981இல்தான் வந்தார்.

ஒரு தூண் தவறினால் இன்னொன்று திருத்தியதற்கு லில்லி லெட்பெட்டரின் வழக்கு நல்ல சான்று. அலபாமாவில் டயர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர், ஆண்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தார். உரிய காலத்துக்குள் புகார் தரவில்லை என்று 2007இல் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளியது. அதற்குள் நீதிபதியாகியிருந்த கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பை அவையில் வாசித்து, இதைக் காங்கிரஸ் சரிசெய்ய வேண்டும் என்றார். 2009இல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது; அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார்.

இதற்கு எதிர்ப்பக்கம் 1973இன் ரோ எதிர் வேட் தீர்ப்பு. கருக்கலைப்பு உரிமை அந்தத் தீர்ப்பால் கிடைத்தது. அரசமைப்பில் சொல்லாக எழுதப்படவில்லை; காங்கிரசும் சட்டமாக்கவில்லை. 2022 ஜூன் 24ஆம் தேதி அதே நீதிமன்றம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முடிவை மாநிலங்களிடம் விட்டது. பெண்களுக்கு வாக்கு இருக்கிறது, அதன் வழியே கேட்டுக்கொள்ளலாம் என்பதும் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. மைனருக்குச் சொன்ன அதே கைகாட்டல். ஒரு வேறுபாடு, இப்போது கையில் வாக்கு இருந்தது. இரண்டு மாதம் ஆகுமுன்பே கான்சாஸ் மாநில வாக்காளர்கள், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். 2023இல் ஒஹையோ வாக்காளர்கள் அந்த உரிமையைத் தங்கள் மாநில அரசமைப்பிலேயே எழுதினார்கள்.

‘பெண்’ என்ற சொல் இன்றுவரை அமெரிக்க அரசமைப்பில் இல்லை. 19ஆம் திருத்தம்கூட ‘பால்’ என்றுதான் சொல்கிறது. அதுவும் வாக்குக்கு மட்டும். எல்லா உரிமைகளிலும் சமத்துவம் கோரும் திருத்தம் 1923இல் ஆலிஸ் பாலின் முயற்சியால் காங்கிரசுக்கு வந்தது. 1972இல் இரு அவைகளும் நிறைவேற்றின. காங்கிரஸ் வைத்த கெடு 1982இல் முடிந்தபோது 35 மாநிலங்களே ஒப்புக்கொண்டிருந்தன, தேவை 38. 38ஆவதாக வர்ஜீனியா 2020இல் ஒப்புதல் தந்தது. கெடு கடந்த ஒப்புதல் செல்லுமா என்பதில் தூண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2025 ஜனவரியில் அதிபர் பைடன் அது அரசமைப்பின் பகுதியாகிவிட்டது என்று தன் கருத்தை அறிவித்தார். ஆனால் அது முறைப்படி வெளியிடப்படவில்லை.

அமெரிக்க ஆட்சிமுறையைப் படிக்கும் பெண்கள், மூன்று தூண்களின் பெயர்களோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த உரிமையை எனக்குக் கொடுத்தது எது: நீதிமன்றத் தீர்ப்பா, காங்கிரசின் சட்டமா, அரசமைப்புத் திருத்தமா? அதைத் திரும்ப எடுக்க எத்தனை பேர் போதும்? 1807இல் ஒரு மாநில சட்டமன்றம் போதுமானதாக இருந்தது. 2022இல் ஐந்து நீதிபதிகள் போதுமானவர்களாக இருந்தார்கள். 19ஆம் திருத்தத்தை நீக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், இன்றைய கணக்கில் 38 மாநிலங்களும் வேண்டும். அதனால்தான் 1878இல் அறிமுகமான ஒரே ஒரு வாக்கியத்துக்காக அந்தப் பெண்கள் 42 ஆண்டுகள் காத்து நின்றார்கள்.